டர்போ காருக்கு அமைதியான சைலன்சர்: அறை வகையா, நேர்க்குழாய் வகையா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக வேலைக்குச் சென்று வருபவன் என்ற முறையில், என் ஸ்கோடா ஆக்டேவியா (1.8 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல்) காருக்குப் பின்புறச் சைலன்சர் தேர்ந்தெடுத்தபோது எனக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஈசியூ ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளைச் சக்தி கூடும்படி மாற்றுவது) செய்த எஞ்சினின் புகை தடையில்லாமல் வெளியேற வேண்டும். சூளகிரி பக்கம் மேடேறும்போதும் பின் இருக்கையில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும்.

கம்பெனி சைலன்சரைக் குறை சொல்ல அதிகம் இல்லை. புகையை முன்னும் பின்னுமாகத் திருப்பி அனுப்பும் அதன் உள்ளறைகள், 180 பிஎஸ் (குதிரைத்திறன்) என்ற அசல் சக்திக்குப் போதுமானவை. ரீமேப் செய்யாதவர்கள் அதைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. பின் சைலன்சரை மட்டும் மாற்றுவதால் டர்போ காரில் பெரிய சக்தி ஏற்றம் கிடைத்துவிடாது. புகையின் விசையால் சுழலும் டர்போவின் டர்பைனே ஒலியின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுவதால், இவ்வகைக் கார்களில் தடை குறைந்த சைலன்சரைப் பொருத்தியும் சத்தத்தை அடக்கி வைக்க முடிகிறது என்பதே நமக்குச் சாதகம்.

உலோகத் தடுப்புகளை மட்டும் கொண்ட அறை வகைக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு: உள்ளே எரிந்து தீர எதுவும் இல்லாததால், துருப்பிடித்து ஓட்டை விழும் வரை அதன் ஒலி மாறுவதில்லை. ஆனால் புகை வளைந்து திரும்பித்தான் வெளியேற வேண்டும். டர்பைனுக்குப் பின்னால் கூடும் பின்னழுத்தம் டர்போ சுழன்றெழுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. புகை வழியை மூடித் திறக்கும் மின் வால்வு வைத்த வகையை நண்பர் ஒருவரின் காரில் சிறிது தூரமே ஓட்டியிருக்கிறேன். மூடியிருக்கும்போது மிக அமைதியாக இருந்தது. அந்த வெப்பத்திலும் தூசியிலும் மோட்டார் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

நான் பொருத்தியது நேர்க்குழாய் வகை. துளையிட்ட குழாய் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகச் செல்ல, அதைச் சுற்றி கிளாஸ் வுல் அடைக்கப்பட்டிருக்கும். புகைக்குத் தடை ஏறத்தாழ இல்லை, கூர்மையான சத்தத்தை இழைகள் விழுங்கிவிடும். தாழ்ந்த உறுமலை அடக்குவதில்தான் இது பலவீனமானது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 2100 ஆர்பிஎம்மில் சுழலும்போது வினாடிக்கு 70 முறை வெடிப்பு நிகழ்கிறது. அந்த 70 ஹெர்ட்ஸ்தான் நெடுஞ்சாலையில் காதை அடைக்கும் ரீங்காரம். ஆகவே உடல் நீளமான, பருமனான சைலன்சரையே எடுக்க வேண்டும். நடுவிலுள்ள கம்பெனி ரெசொனேட்டரையும் (ரீங்காரத்தைக் குறைக்கும் பெட்டி) கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் (புகையின் நச்சைக் குறைப்பது) தொடவே கூடாது. இவ்விரண்டையும் கடைப்பிடித்ததால் என் காரில் ரீங்காரம் மெல்லியதாகவே இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட நான் வலியுறுத்த விரும்புவது பராமரிப்பை. நேர்க்குழாய் சைலன்சர் புதிதாக இருக்கும் நாளில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். இரண்டு கோடைகள் கடந்த பிறகு எப்படிக் கேட்கும் என்பதே கேள்வி. புகையின் துடிப்பும் வெப்பமும் இழைகளை நொறுக்க, அவை துளைகள் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ரவுண்டானாவிலிருந்து பேருந்து நிலையம் வரை என்று ஊருக்குள்ளேயே ஓடும் காரில், எஞ்சினுக்கு வெகு தொலைவிலுள்ள பின் சைலன்சர் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. அந்த நீர் உள்ளேயே தங்கி, கிளாஸ் வுல்லை நனைந்த பஞ்சு மெத்தையாக்கிவிடுகிறது.

என் சைலன்சரின் மூடியைக் கழற்றியபோது இதைக் கண்ணால் கண்டேன். புகை நுழையும் முனையில் இழை கருகி, விரல் பட்டதும் பொடியானது. அங்கே குழாயின் துளைகள் வெறுமையாகத் தெரிந்தன. மறுமுனையில் அதே இழை இன்னும் வெளிர் நிறத்தில் இருந்தது. குழாயைச் சுற்றி முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வுல்லையும் அதற்கு மேல் நீள இழையையும் சுற்றி அடைத்த பின், பழைய அமைதி திரும்பியது. தளர்வாக அடைத்தால் சீக்கிரம் பறந்துவிடும். இறுக்கித் திணித்தால் ஒலியை உறிஞ்சாது.

கார்களுக்குக் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முழுவதும் வெல்டிங் செய்து மூடப்பட்டவை. அவற்றை அறுத்துத்தான் திறக்க முடியும். அதனால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், பின் மூடியைப் போல்ட்டால் இறுக்கும்படி சொல்லிச் செய்வித்தேன். வாகன உதிரிபாகத் தொழில் நிறைந்த ஓசூரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஏற்ற டிக் வெல்டிங் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 409 ரகம் விலை குறைவு, ஆனால் மேற்பரப்பில் துரு படரும்.

இழை தேய்ந்து சத்தம் கூடுவது சட்டச் சிக்கலும் ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, ஒலி வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கம்பெனி சைலன்சரைத் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். விற்கும் நாளில் அதை மாட்டிக் கொடுத்தால்தான் வாங்குபவர் பேரம் பேசாமல் இருப்பார். மூடி கழற்றும் அமைப்பில் செய்து தர ஆள் கிடைத்திராவிட்டால், ரீமேப் செய்த காரிலும் அந்தக் கம்பெனி சைலன்சரையே விட்டிருப்பேன்.