“வகுப்பறை வேண்டாம், செற்றுக்கு வாங்கோ”: காசு கட்டுவதற்கு முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்

அந்த விளம்பரம் பேஸ்புக்கில் திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டது. கறுப்புப் பின்னணி, கமராவுக்குப் பின்னால் தலை குனிந்து நிற்கும் ஒருவர், மேலே மஞ்சள் எழுத்தில் “வகுப்பறை வேண்டாம், செற்றுக்கு வாங்கோ”. மூலையில் பாலு மகேந்திராவின் படம். நாலு மாதத் திரைப்படப் பயிற்சி, சனி ஞாயிறு மட்டும். கமரா, லைற்றிங், சவுண்ட், எடிட்டிங், முடிவில் உங்கள் பெயரில் ஒரு குறும்படம். எங்களிடம் வாங்கியது 90,000 ரூபா. இந்த முறை 110,000 என்று கேள்வி.

போன பெச்சில் இருந்தவள் நான். முறைப்பாடு போட்டிருப்பதால் பயிற்சி நடத்தும் ஆளின் பெயரும் கம்பனியின் பெயரும் பொதுவில் எழுத வேண்டாம் என்று லோயர் சொல்லிவிட்டார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி அறை. அவ்வளவுதான் சொல்லலாம்.

தமிழ்ப் பிள்ளைகள் ஏன் இப்படியான இடத்துக்குப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் கொழும்பில் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். ஒழுங்கான திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சிகள் இங்கே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். வார நாளில் அலுவலகம், கையில் அளவான சிங்களம் என்று இருக்கும் ஒரு பிள்ளைக்கு “தமிழில், வார இறுதியில், கையில் கமராவோடு” என்று ஒருவர் சொன்னால் காது அந்தப் பக்கம்தான் போகும். அவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

முதல் நாள் பேச்சு உண்மையாகவே நன்றாக இருந்தது. “லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எந்தப் பள்ளிக்கூடத்தில சினிமா படிச்சவர்? பாலாவும் வெற்றிமாறனும் சேர்டிபிக்கேற் வச்சிருந்தா பாலு மகேந்திராட்ட போனவை?” என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். கேள்வியில் பிழை இல்லை. அவர் விட்ட பாதிதான் முக்கியம். சிங்களப் பட இயக்குநர் லெஸ்டர் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் வேலை செய்து தொழில் பழகியவர். அங்கிருந்து ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கையும் எடிட்டர் டைட்டஸ் தொடவத்தையையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துதான் 1956இல் ‘ரேகாவ’ படத்தை எடுத்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு பழகினார், காசு கட்டிக்கொண்டு இல்லை. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவோ புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். பள்ளிக்கூடம் போனவர், பிறகு தன் உதவியாளர்களைப் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். கட்டணம் வாங்கிக்கொண்டு லைற் ஸ்ராண்ட் தூக்க விடுவதற்கு அவருடைய படத்தை ஒட்டுவது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம்.

இன்னொன்றும் முதல் நாளே நடந்தது. “சேர் எண்டு கூப்பிடாதேங்கோ, அண்ணா எண்டே கூப்பிடுங்கோ, நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம்” என்றார். அண்ணா என்று கூப்பிட்ட பிறகு பற்றுச்சீட்டுக் கேட்க யாருக்கு வாய் வரும்? கேட்ட ஒரே ஒரு தம்பிக்கு, “என்னடா, அண்ணாவில நம்பிக்கை இல்லையோ” என்று சிரிப்போடு பதில் வந்தது. அந்தத் தம்பி உட்பட எல்லோரும் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் காசு போட்டோம். கம்பனிக் கணக்கு ஒன்று இருக்கவே இல்லை.

தொடக்கத்தில் சுதந்திர சதுக்கத்திலும் காலிமுகத்திடலிலும் பயிற்சி. பதினாலு பேருக்கு ஒரு கமரா. ஒருவருக்கு ஐந்து நிமிடம் கையில் கிடைக்கும், அதற்குள் அடுத்தவர் தோளில் தட்டுவார். எடுத்ததை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. “கார்ட் என்னட்ட இருக்கு, பிறகு இருந்து பார்ப்பம்” என்பார். பிறகு ஒருநாள் கேட்டபோது அந்தக் கார்ட்டை அழித்துக் கல்யாணம் ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார்.

கல்யாணம். அதுதான் “செற்”. இரண்டாம் மாதத்திலிருந்து சனி ஞாயிறு முழுக்கக் கல்யாண மண்டபம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள். பம்பலப்பிட்டி, தெஹிவளை, ஒருக்கா நீர்கொழும்பு. நாங்கள் செய்தது எல்ஈடி லைற் பிடிப்பது, ட்ரைபொட் தூக்குவது, வயரில் ஆக்கள் தடக்காமல் பார்ப்பது, மாமாமாரைப் பணிவாக பிரேமுக்கு வெளியே நகர்த்துவது. “தாலி கட்டுறதுக்கு ரீடேக் இல்லை, இதை விடப் பெரிய பள்ளிக்கூடம் எது” என்பது அவருடைய வசனம். நியாயமாகப் பார்த்தால் அந்த வசனம் பொய்யில்லை. கல்யாண வேலையில் கண் வேகமாகப் பழகும், ஐயர் எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டியே இடம் பிடிக்கத் தெரியவரும். அந்த வேலையைச் செய்பவர்களை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் நாள் கூலிக்கு ஒரு பெடியனை லைற் பிடிக்கக் கூப்பிட்டால் சாப்பாடும் கொடுத்துக் காசும் கொடுக்க வேண்டும். எங்களைக் கூப்பிட்டால் நாங்களே காசு கட்டிக்கொண்டு வருகிறோம். இரவு பதினொரு மணிக்குக் கல்கிசையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பிக்மீ காசும் எங்கள் கையாலேயே.

என்னை அடிக்கடி கூப்பிட்டதற்குக் காரணம் என் திறமை என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைக் காரணத்தை மண்டபத்தில் ஒரு கல்யாணப் பொம்பிளையின் அம்மாவிடம் அவர் சொன்னபோது கேட்டேன்: “வெளிக்கிடுற அறைக்குள்ள எங்கட பொம்பிளைப் பிள்ளைதான் வரும், பயப்பிடாதேங்கோ அன்ரி.” பெண் கமரா ஆள் உண்டு என்று சொல்லி அதற்குத் தனியாக ஒரு தொகை வாங்குகிறார் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. அந்தத் தொகையில் ஒரு சதம் என் பக்கம் வரவில்லை.

படிப்பித்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ரியூப் லைற் போட்ட ஒரு மண்டபத்தில் எடுத்த வீடியோ முழுக்கக் கறுப்புப் பட்டை மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தது. “லைற் பழசு, எடிட்டில எடுக்கலாம்” என்றார். அது எடிட்டில் போகவில்லை. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற் செக்கனுக்கு நூறு தரம் மின்னி மங்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/60 செக்கனில் வைத்தால் அதோடு ஒத்துப்போகாமல் பட்டை விழும். 1/50 அல்லது 1/100க்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். அமெரிக்காக்காரரின் யூடியூப் வீடியோவைப் பார்த்து 1/60ஐ அப்படியே கொப்பி பண்ணியிருக்கிறார், அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். கமராவைத் தொட்டு ஒரு கிழமையில் தெரிய வேண்டிய விஷயம் இது. 90,000 ரூபா வாங்குகிறவருக்குத் தெரியவில்லை.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் வேறொருவர். பெச்சில் இருந்த ஒரு தங்கச்சியின் சொந்தக்காரர், சின்னப் படங்களுக்குச் சவுண்ட் செய்பவர். தெஹிவளையில் ஒரு வீட்டில் குறும்படம் எடுக்கிறார்கள், பூம் (நீளக் கம்பில் மாட்டிய மைக்) பிடிக்க ஆள் இல்லை என்று கூப்பிட்டார். காசு கேட்கவில்லை, தரவும் இல்லை. அதை முதலே சொல்லிவிட்டார். சாப்பாடும் பஸ் காசும் தந்தார். மைக்கின் நிழல் சுவரில் விழுந்ததற்கு ஏச்சு வாங்கினேன். காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, ஃபிரிஜ்ஜை நிற்பாட்டி, வெறும் அறையின் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்தார். பிறகு ஹெட்போனை என் காதில் மாட்டி, நான் பிடித்த ஒவ்வொரு ரேக்கையும் போட்டுக் காட்டி, “இந்த இடத்தில கை இறங்கிட்டுது, வசனம் தூரப் போகுது, கேக்குதோ?” என்று கேட்டார். கேட்டது. அதற்கு முதல் மூன்று மாதத்தில் ஒருவரும் நான் செய்த ஒன்றை எனக்குத் திரும்பக் காட்டி “இது பிழை” என்று சொல்லியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் போகாமல் ஒருவரின் பக்கத்தில் நின்று பழகலாம் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. இந்தத் தொழிலில் கனபேர் அப்படித்தான் வந்தவர்கள். “வேலையிலேயே பழக்குறம்” என்று சொல்லிக் காசு வாங்குபவரிடம்தான் கவனம் தேவை. பாடத்திட்டம் இல்லை, மணித்தியாலக் கணக்கு இல்லை, பரீட்சை இல்லை. அப்படியென்றால் அவர் தராமல் விட்டது எது என்று நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள்? நாங்கள் போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதிலும் இதுதான்: “நான் உங்களை எத்தனை செற்றுக்குக் கூட்டிப் போனனான், பழகாமல் விட்டது ஆற்ற பிழை?”

குறும்படக் கதைக்கு வருகிறேன். நாலாம் மாதம், தயாரிப்புச் செலவுக்கு என்று ஆளுக்கு இன்னும் 15,000 கேட்டார். அது 90,000க்குள் அடங்கவில்லையா என்று கேட்டவர்கள் ஒவ்வொருவராக வட்ஸ்அப் குறூப்பிலிருந்து காணாமல் போனார்கள். கட்டிய ஐந்து பேரை வைத்து இரண்டு நாளில் ஒரு படம் எடுத்தார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு மூன்றிலும் அவர் பெயர்தான். கட்டிய பிள்ளைகள் “நன்றி” பகுதியில். நான் வெளிக்கிடும் அறையில் எடுத்த காட்சிகள் இப்போது அவருடைய கம்பனி விளம்பர வீடியோவில் ஓடுகின்றன. அந்தப் பொம்பிளையிடம் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பொலிஸுக்குப் போனோம். இது சிவில் விஷயம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகுதான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையைப் பற்றி ஒருவர் சொன்னார். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கதைக்கலாம். கடையில் வாங்கும் சாமானுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சேவைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது, சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்று. ஆனால் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். “அண்ணா தருவார், பொறுத்துப் பார்ப்பம்” என்று இருந்தவர்களுக்கு அந்தக் காலம் கையை விட்டுப் போய்விட்டது. எங்களில் நாலு பேர் நேரத்துக்குள் கொடுத்துவிட்டோம். விசாரணைக் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம்.

இப்போது காசு கட்ட யோசிப்பவர்கள் முதலில் கம்பனிப் பெயரைக் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் போட்டுத் தேடுங்கள். வணிகப் பெயர்ப் பதிவு என்று ஒரு தாளைக் காட்டினால், அந்தப் பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தொழிற்பயிற்சி நடத்தும் நிறுவனங்களைப் பதிவு செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. அங்கே பதிவு உண்டா என்று கேட்கலாம். ஒரு தனி ஆளிடம் பழகப் போவதென்றால் இந்தப் பதிவுகளை எதிர்பார்க்க முடியாது, சரி. அப்படியானால் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப்பில் என்றாலும் பரவாயில்லை: ஒரு கமராவுக்கு எத்தனை பேர், நான் எடுத்ததை யார் எப்போது என்னோடு இருந்து பார்ப்பார், எடுத்த காட்சிகளின் கொப்பி எனக்குக் கிடைக்குமா. நல்ல ஆளுக்கு இதற்குப் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். “குடும்பம்” என்று தொடங்கினால் எழும்பி வாருங்கள். காசு வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரின் வேலைக்குக் கூட்டிப்போகிறார் என்றால், அந்த வாடிக்கையாளர் அவருக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று கூசாமல் கேளுங்கள்.

பழைய மாணவர்களின் இலக்கம் கேட்டால் அவர் தருவது இரண்டே இரண்டு பேருடையது. அந்த இரண்டு பேரும் இப்போது அவரிடம்தான் வேலை செய்கிறார்கள்.

எங்களுக்கு முந்திய பெச்சில் இருந்த யாராவது இதை வாசித்தால் இன்பொக்ஸில் வாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காசு போட்ட வங்கிச் சிலிப் அல்லது ஒன்லைன் பரிமாற்றத்தின் படம் இருந்தால் உதவும். வட்ஸ்அப் குறூப்பில் இன்னும் இருப்பவர்கள் இன்றைக்கே அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வேறொரு இடத்தில் வையுங்கள். அட்மினாக இருக்கும் அவர் மற்ற ஆட்களின் மெசேஜ்களையும் எல்லோருக்குமாக அழிக்கலாம், ஏற்கனவே கொஞ்சம் அழித்தும் இருக்கிறார்.