அமெரிக்காவில் சிபாப் மெஷின்: இன்ஷூரன்ஸ் காட்டும் கடையா, ஆன்லைனா?

டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கத் தொடங்குமுன் வருடத்துக்கு நாமே கட்ட வேண்டிய தொகை) பெரிதாக இருக்கும் பிளானில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் சிபாப் மெஷினுக்கான (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் கருவி) பேப்பரில் கையெழுத்துப் போடுமுன் சப்ளையரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "என் இன்ஷூரன்ஸோடு நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தப்படி ஒவ்வொரு கோடுக்கும் என்ன விலை, அதை எத்தனை மாதம் வசூலிப்பீர்கள்?" கோடு என்பது பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் போடும் எண். இதற்குப் பதில் வராமல் எதற்கும் சரி சொல்லாதீர்கள்.

என் கணவருக்கு ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) என்று உறுதியானதும் கிளினிக்கிலிருந்தே எங்கள் இன்ஷூரன்ஸின் நெட்வொர்க்கில், அதாவது அதோடு ஒப்பந்தத்தில், உள்ள ஓர் உள்ளூர் சப்ளையருக்கு டாக்டர் சீட்டை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் இருப்பது நியூஜெர்சி. அந்தக் கடையில் முதலில் சொன்னது, எல்லாம் கவர் ஆகும் என்பதுதான். கவர் ஆகும், சரி. ஆனால் எங்கள் பிளானில் டிடக்டிபிள் 3,500 டாலர், அதில் பாதிகூட அந்த வருடம் செலவாகியிருக்கவில்லை. அதாவது அவர்கள் ஒப்பந்த விலை எதுவோ, அது முழுவதும் எங்கள் பையிலிருந்துதான் போகும். அதனால் விலையை வரிவரியாக எழுதித் தரச் சொன்னேன். தயங்கினார்கள், இன்ஷூரன்ஸுக்கு பில் அனுப்பிய பிறகுதான் தெரியும் என்றார்கள். கோடுகளை நானே படித்துச் சொன்ன பிறகுதான் கொடுத்தார்கள்.

மெஷின் (இ0601) மாதம் 104 டாலர் வாடகை, 10 மாதம் கட்டினால் நமக்குச் சொந்தம். காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் (இ0562) தனியாக 185. சூடாகும் டியூப் (ஏ4604) 48. மூக்கு மாஸ்க்கும் தலைப்பட்டையும் சேர்ந்து 190. கூட்டினால் 1,463 டாலர். இதில் என்னை உறுத்தியது அந்த ஹ்யூமிடிஃபையர் வரிதான். அவர்கள் கொடுப்பது ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 11 மாடல். அதில் ஹ்யூமிடிஃபையர் என்பது மெஷினின் பக்கவாட்டில் செருகும் தண்ணீர்த் தொட்டியும் அதற்கடியில் இருக்கும் சூட்டுத் தட்டும்தான், ஒரே பெட்டிக்குள் வருகிறது. பில்லில் அது இரண்டு பொருள். கோடு முறையே அப்படி என்பதால் சட்டப்படி தப்பில்லை, ஆனால் கையிலிருந்து கட்டுகிறவருக்கு அது இன்னொரு 185 டாலர்.

அதே ஏர்சென்ஸ் 11, தொட்டியும் சூடாகும் டியூபும் சேர்த்து, ஆன்லைனில் 965 டாலர். அதே மாஸ்க் 139. டாக்டர் சீட்டு இங்கேயும் கட்டாயம், மெஷினை அது இல்லாமல் விற்கக்கூடாது. போட்டோ எடுத்து ஏற்றினால் போதும். சீட்டில் எழுதியிருக்கும் பிரஷருக்கு செட் செய்தே அனுப்புகிறார்கள், நாங்கள் திறந்து சரிபார்த்தோம், சரியாக இருந்தது. ரெஸ்மெட் அங்கீகரித்த கடையா, உத்தரவாதம் முழுதாக உண்டா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ பயன்படுத்திய மெஷினை வாங்க வேண்டாம். 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் மெஷின்களுக்குள் இருந்த ஃபோம் சிதைகிறது என்று பெரிய அளவில் திரும்பப் பெற்றதே, பழைய சந்தையில் அந்த மாதிரி எது கையில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. இரவெல்லாம் மூச்சுக்குள் போகிற காற்று, அதில் 200 டாலர் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மெஷினை ஆன்லைனில் வாங்கினோம். ஆனால் மாஸ்க்கை உள்ளூர் கடையிலேயே, விலை கூட என்று தெரிந்தேதான் வாங்கினோம். காரணம் அங்கிருந்த தெரபிஸ்ட் அம்மா. என் கணவருக்கு அடர்த்தியான மீசை, அதன் வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருந்தது. அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, பிரஷரை ஏற்றி, இடது பக்கம் திரும்பச் சொல்லி, வலது பக்கம் திரும்பச் சொல்லி, மேலுதட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்து எங்கே காற்று அடிக்கிறது என்று பார்த்தார். இரண்டு மாடலைக் கழித்துவிட்டு மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காருகிற பில்லோ மாஸ்க்குக்கு மாற்றினார். கசிவு நின்றுவிட்டது. மாஸ்க் சரியில்லாமல் மெஷினையே அலமாரியில் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். இந்த வேலைக்கு 50 டாலர் கூடக் கொடுக்கலாம், மனதாரக் கொடுத்தேன்.

அப்புறம் அந்தக் கடையின் இன்னொரு முகத்தையும் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சப்ளை தானாக வரும் என்று படிவத்தில் இருந்த ஒரு கட்டத்தில் டிக் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டியில் ஆறு பில்லோ, ஆறு ஃபில்டர், ஒரு டியூப். மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) அதிகபட்சம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அதே கணக்கு: மாதம் இரண்டு பில்லோ, இரண்டு ஃபில்டர், மூன்று மாதத்துக்கு ஒரு டியூப். அது உச்சவரம்புதான், அவ்வளவையும் மாற்றியே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. தினம் கழுவித் துடைத்தால் எங்களுக்கு ஒரு பில்லோ ஒரு மாதத்துக்கு மேல் உழைக்கிறது. பில்லோ விலை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அங்கே பிரச்சினை எண்ணிக்கை. ஃபில்டரில்தான் விலையே பிரச்சினை: பில்லில் ஒன்று 4.60 டாலர், ஆன்லைனில் ஒரு டஜன் 12 டாலர். விரல் நீளம்கூட இல்லாத வெள்ளைப் பஞ்சுத் துண்டு அது. போன் செய்து தானியங்கி சப்ளையை நிறுத்தச் சொன்னேன், அடுத்த பெட்டியும் வந்தது, பிரிக்காமல் திருப்பி அனுப்பி எழுத்து மூலமாகக் கேட்ட பிறகுதான் நின்றது.

எல்லோருக்கும் ஆன்லைன்தான் லாபம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அந்த வருடம் பிரசவமோ அறுவை சிகிச்சையோ நடந்து டிடக்டிபிள் தீர்ந்துவிட்டது என்றால் கோ-இன்ஷூரன்ஸ், அதாவது பில்லில் நம் பங்கு (பல பிளான்களில் 20 சதவீதம்போல) மட்டும்தான், அப்போது உள்ளூர் கடைதான் மலிவு. ஆன்லைனில் கொடுக்கும் பணம் பொதுவாக டிடக்டிபிள் கணக்கில் ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆனால் மாதத்தைப் பாருங்கள். அக்டோபரில் வாடகை தொடங்கினால் மூன்று தவணை இந்த வருடம், மீதி ஏழும் ஜனவரிக்குப் பிறகு. பெரும்பாலான பிளான்களில் ஜனவரியில் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அந்த ஏழும் முழு விலையில் வரும். வாடகை இல்லாமல் ஒரே தடவையில் விலைக்கு எடுக்க உங்கள் பிளான் விடுமா என்று இன்ஷூரன்ஸிலேயே கேளுங்கள்.

வாடகை மெஷினில் இன்னொன்று: உள்ளே மோடம் (தகவல் அனுப்பும் கருவி) இருக்கிறது, தினம் எத்தனை மணி நேரம் போட்டுத் தூங்கினீர்கள் என்று கணக்கு போய்க்கொண்டே இருக்கும். மெடிகேரில் முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ந்து 30 நாள் எடுத்து, அதில் 70 சதவீத இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். தனியார் பிளான்கள் பலவும் இதையேதான் பின்பற்றுகின்றன. அது நிறைவேறாவிட்டால் பணம் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள், மெஷினையும் திரும்பக் கேட்கலாம். பழகவே சிரமப்படுகிறவர்களுக்கு இது பெரிய நெருக்கடி. சொந்தமாக வாங்கினால் அந்தக் கெடு இல்லை.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் எச்.எஸ்.ஏ. அல்லது எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கென ஒதுக்கி வைக்கும் கணக்குகள்) கார்டில் கட்டுங்கள், வரி கட்டாத பணம் என்பதால் விலை இன்னும் இறங்கின மாதிரி. ரசீதில் கோடுகளையும் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். நெட்வொர்க்குக்கு வெளியே வாங்கினாலும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிற பிளான்கள் உண்டு, கோடு இல்லாத ரசீதை அவர்கள் தொடவே மாட்டார்கள்.