குறுந்தகடுகளைக் கணினிக்கு மாற்றுதல்: எம்பி3-யா, ஃப்ளாக்கா?

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடமிருந்த நானூறு கர்நாடக இசைத் தகடுகளை நொடிக்கு 128 கிலோபிட் அளவுள்ள எம்பி3 கோப்புகளாக மாற்றி வைத்தேன். இப்போது அதே தகடுகளை மறுபடி எடுத்து, ஒவ்வொன்றாக ஃப்ளாக் (ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் கோப்பு) வடிவில் பதிந்துகொண்டிருக்கிறேன். பெரிய சேகரிப்பு உள்ளவர்கள் முதலிலேயே வடிவத்தைத் தீர்மானித்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒரு மணி நேரத் தகட்டில் ஏறக்குறைய 600 மெகாபைட் (எம்பி) ஒலித்தரவு இருக்கும். ஃப்ளாக் அதில் எதையும் இழக்காமல் பெரும்பாலும் 300 முதல் 400 எம்பிக்குள் சுருக்கும். 320 கிலோபிட் எம்பி3 அதையே 150 எம்பிக்குள் அடக்கிவிடும். ஆனால் ஆயிரம் தகடுகளின் ஃப்ளாக் கோப்புகளும் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் தாராளமாக அடங்கும் என்பதால், இடத்தைக் காட்டி எம்பி3-க்கு வாதாட இன்று வழியில்லை.

ஒலியைப் பொறுத்தவரை, 320 கிலோபிட்டில் பெரும்பாலான பாடல்களில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. 128-இல் கஞ்சிராவின் வீச்சு மழுங்குவது நன்றாகவே கேட்கிறது. அதைவிட என்னை உறுத்தியது வேறு: ஆலாபனை ஒரு தடமாகவும் (டிராக்) கிருதி அடுத்த தடமாகவும் பிரிக்கப்பட்ட தகடுகளில், பல கருவிகள் எம்பி3-ஐ இசைக்கும்போது இரண்டுக்கும் நடுவே தம்புராவின் நாதம் ஒரு கணம் அறுபடுகிறது. ஃப்ளாக்கில் அந்த இடைவெளி கோப்பிலேயே சேர்வதில்லை. காருக்கும் பழைய கருவிகளுக்கும் எம்பி3 தேவைப்பட்டால், ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எம்பி3-இல் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது.

மென்பொருளில் ஐடியூன்ஸ் விரைவானது, எளியது. விண்டோஸில் இயங்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மெதுவானது; ஆனால் பாதுகாப்பு முறையில் சந்தேகத்துக்குரிய பகுதிகளை மீண்டும் மீண்டும் படித்து, பிழை நேர்ந்த இடத்தை நொடிக் கணக்கில் அறிக்கையாகத் தருகிறது. தனி ஆவர்த்தனம் அடங்கிய ஒரு தகட்டில் ஆறாம் தடம் வந்ததும் டிரைவ் திணறி வேகம் குறைந்தது. அறிக்கையிலும் பிழை பதிவானது. தகட்டைச் சோப்பு நீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து மறுபடி இட்டபோது பிழையின்றி முடிந்தது. விரைவான முறையை மட்டும் நம்பியிருந்தால், அந்தக் குறை கோப்பில் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி நம் பதிவைப் பிறர் எடுத்த பதிவுகளோடு அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தின் மூலம் ஒப்பிட்டும் பார்க்கும். சிறிய நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரித் தகடுகள் பலவற்றுக்கு அதில் பதிவே கிடைப்பதில்லை. அத்தகைய தகட்டை இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் எடுத்து, இரு பதிவுகளின் தரவிலிருந்தும் கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே நான் கைக்கொள்ளும் வழி.

பாடல் விவரங்களை மியூசிக்பிரைன்ஸ் என்னும் இணையத் தரவுத்தளத்திலிருந்து தானாக நிரப்பலாம் என்றாலும், ஒரே ராகத்தின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டு வருவதால், பின்னர் தேடும்போது பாதிப் பாடல்கள் அகப்படுவதில்லை. ஆகவே ராகத்தையும் தாளத்தையும் குறிப்புப் புலத்திலும், வாக்கேயக்காரரை இசையமைப்பாளர் புலத்திலும், ஒரே எழுத்துமுறையில் நானே தமிழில் தட்டச்சு செய்கிறேன். தகட்டுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகிறது.