டீவாட்டரிங் என்று நம்பி 2,75,000 ரூபாய் போச்சு: பேஸ்மென்ட் தோண்டப் போகிறவர்கள் படிக்கவும்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருவான்மியூரில் வீடு கட்டுகிறோம். கார் நிறுத்த பேஸ்மென்ட், 12 அடி தோண்ட வேண்டும். கடலோர மணல், ஊற்றுக்குக் கேட்க வேண்டுமா? வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் டீவாட்டரிங் செய்பவர் ஒருவர் கிடைத்தார். எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டு, பம்ப் இறக்கி, அஸ்திவாரம் முடியும்வரை குழியைக் காயவைத்துத் தருவது அவர் பொறுப்பு. 2,75,000 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

முதல் நாள் அவர் வேலை பார்த்த விதத்துக்கு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். டேப் நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டிப் பக்கத்து வீட்டு உறைகிணற்றில் இறக்கினார். தண்ணீரில் தட்டிய சத்தம் கேட்டதும் விரலால் இறுக்கிப் பிடித்தபடி மேலே இழுத்து, "பாருங்க சார், 14 அடி. உங்க குழி தண்ணியையே தொடாது. சேஃப்டிக்கு ரெண்டு பம்ப் போதும்" என்றார். சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் எக்செல்லில் ஒரு கணக்கு வேறு அனுப்பினார்.

அவர் அளந்தது மே மாதம். தோண்டியது ஐப்பசியில். மழை பிடித்ததும் அதே கிணற்றில் தண்ணீர் 6 அடிக்கு ஏறிவிட்டது. கிணறு வைத்திருக்கும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். பம்ப் இரண்டும் ராத்திரி பகலாக ஓடியும் மட்டம் இறங்கவில்லை. குழியின் அடியில் சோறு கொதிப்பதுபோல மணல் பொங்கியது, பைப்பிலும் மணல். பக்கத்து காம்பவுண்டு சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். இறைத்த தண்ணீரைத் தெருவில் விட்டதற்கு வாங்கிய பேச்சு தனி.

எங்கள் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் அந்த எக்செல்லைத் திறந்தால், மேலே கோடம்பாக்கம் சைட் என்று இருக்கிறது! மண் தண்ணீரை எவ்வளவு வேகமாக விடும் என்கிற எண்ணும் அங்கிருந்த களிமண்ணுடையதே. மணலில் அது ஆயிரம் மடங்குக்கும் மேல். இறைக்க வேண்டிய தண்ணீரும் அதோடு சேர்ந்து எகிறும். எங்கள் ரிப்போர்ட்டில் மணல் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பிறகு போட்டோ எடுத்தது எதற்கு?

போன் செய்தால் "வேற சைட்ல இருக்கேன் சார்." அப்புறம் "மழைக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?" அப்புறம் "வெல்பாயிண்ட் போடணும், அது தனி ரேட்." (குழியைச் சுற்றி வரிசையாக மெல்லிய குழாய்களை இறக்கி நிலத்தடி நீரை உறிஞ்சுவதுதான் வெல்பாயிண்ட்.) இப்போது வெறும் ப்ளூ டிக். ஆப்காரர்களோ அறிமுகம் செய்துவைப்பதோடு சரி என்று புகாரை மூடிவிட்டார்கள். 2,75,000 ரூபாய்! டீசல் செலவு இதில் சேரவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், சைட்டிலிருந்து போன் மேல் போன். கோடையில் அளந்த நீர்மட்டத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள், மழைக்கால மட்டத்துக்குக் கணக்குக் கேளுங்கள். மண் தண்ணீரை விடும் வேகம் உங்கள் மனையிலேயே போர் போட்டு, தண்ணீரை இறைத்து மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் பம்பிங் டெஸ்ட் செய்து எடுத்த எண்ணா என்று பாருங்கள். வெல்பாயிண்ட் என்றால் ஒரே அடுக்கில் 5, 6 மீட்டருக்கு மேல் இறக்காது. தண்ணீர் கலங்கலாக வந்தால் சும்மா விடாதீர்கள், பக்கத்து வீட்டுக்கு அடியிலிருக்கும் மண்தான் அது. பாதிப் பணமாவது குழி காய்ந்த பிறகு கொடுங்கள்.