சுவரில் பிரெஞ்சு, சட்டியில் பிரெஞ்சு

அமெரிக்காவில் பிரெஞ்சு வாசம் வீசும் ஊர் எது என்றால் எல்லோரும் நியூ ஆர்லியன்ஸைத்தான் கைகாட்டுவார்கள். அது பெருநகரம், விட்டுவிடலாம். சிற்றூர்களில் என் கணக்குப்படி போட்டி இரண்டுக்குத்தான்: மிசௌரியின் செயின்ட் ஜெனிவீவ், லூசியானாவின் ப்ரோ பிரிட்ஜ்.

பழைய வீடுகள் பார்க்க ஆசையா? செயின்ட் ஜெனிவீவுக்குப் போங்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் மிசிசிப்பிக் கரையில் அமைத்த ஊர், 1785 வெள்ளத்துக்குப் பிறகு மேட்டுப் பக்கம் நகர்ந்தது. மரங்களை நெட்டுக்குத்தாக மண்ணில் நட்டு எழுப்பிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. வட அமெரிக்காவில் இந்த வகை வீடுகள் விரல்விட்டு எண்ணுமளவுக்கே மிச்சம். ஆண்டின் கடைசி இரவில் 'லா கியானே' பாட்டைப் பிரெஞ்சிலேயே பாடி வருகிறார்கள், பிரெஞ்சு பேச வராதவர்களும் சேர்ந்து.

சரி, பசித்தால்? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் வந்து குடியேறினார்கள். இன்று அந்த ஊர்ச் சாப்பாடு என்றால் ஈரல் உருண்டைதான். குறை சொல்லவில்லை, ஆனால் அது பிரெஞ்சு இல்லையே.

ப்ரோ பிரிட்ஜில் கதை தலைகீழ். 1755 முதல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரிட்டிஷார் விரட்டியடித்த அக்கேடியர்கள் என்ற பிரெஞ்சுக் குடியேறிகளின் வாரிசுகள் வாழும் பகுதி இது. கடைத்தெருவை நடந்து முடிக்க அதிக நேரம் ஆகாது. சாப்பிட்டு முடிக்கத்தான் ஆகும். சேற்றில் வளரும் கிராஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறாலை வெண்ணெய், வெங்காயம், குடைமிளகாய், செலரியோடு சுண்ட வேகவைத்தால் எத்துஃபே. தொட்டுக்கொள்ள ரொட்டியைத் தேடாதீர்கள், சோற்றின் மேல்தான் ஊற்றுவார்கள். பூடான் என்ற பன்றிக் குடல் பண்டத்துக்குள்ளேயும் சோறுதான்! பாரிஸ்காரருக்கு இது அந்நியச் சாப்பாடாகத் தோன்றலாம். எனக்கோ, வந்த மண்ணில் விளைந்ததை வைத்துச் சமைத்ததால்தான் இது பிழைத்தது என்று படுகிறது.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டோடு ஸைடெகோ ஆட்டமும் உண்டு. அந்த அக்கார்டியன் இசை கிரியோல் எனப்படும், பிரெஞ்சுப் பண்பாட்டில் ஊறிய லூசியானாக் கறுப்பின மக்கள் தந்தது. அக்கேடியர்களை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மொழிக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1921இல் லூசியானா அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது; பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அதை மீட்க 1968இல்தான் மாநில அரசு ஓர் அமைப்பை உருவாக்கியது.

என் ஓட்டு ப்ரோ பிரிட்ஜுக்கே. வசந்த காலத்தில் போங்கள், கிராஃபிஷ் கொழுத்திருக்கும். மே மாதத் திருவிழா நாட்களில் மட்டும் கூட்டம் நெரியும்.