முடிதிருத்துநரின் நாற்காலியா, மனநல ஆலோசகரின் நாற்காலியா?

மனசில் உள்ளதைக் கொட்ட எது வசதி என்று கேட்டால், பேச்சைத் தொடங்குவதில் முடிதிருத்துநர்தான் முந்துகிறார். முடி வெட்டத்தான் போகிறோம், அழுவதற்கு அல்ல. அதனாலேயே வாய் தானாகத் திறந்துவிடுகிறது. அவர் பின்னால் நிற்கிறார், கண்ணாடியில்தான் முகம் பார்க்கிறார். நேருக்கு நேர் சொல்லக் கூசுவதை அப்படிச் சொல்லிவிட முடிகிறது. தலையைத் தொடும் கையும் ஒரு காரணம். ஆலோசகர் பொதுவாகத் தொடுவதில்லை. வருஷக்கணக்காக ஒரே ஆளிடம் போகிறவரின் விவாகரத்து, வேலை இழப்பு, புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டியது எல்லாம் முடிதிருத்துநருக்குத் தெரியும்.

ரகசியம் என்று வந்தால் ஆலோசகர்தான். அவரைத் தொழில் நெறி கட்டுப்படுத்துகிறது; முடிதிருத்துநரை அவருடைய நல்ல குணம் மட்டுமே. பக்கத்து நாற்காலிக்கும் காது உண்டே! பயிற்சியிலும் ஆலோசகர்தான் மேல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2017 முதல் அழகுநிலையப் பணியாளர்களுக்குக் குடும்ப வன்முறை பற்றிய 1 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதன் நோக்கம்கூடச் சிகிச்சை இல்லை. அறிகுறிகளைக் கவனித்து, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்வதுதான்.

அப்புறம் கூலி. ஆலோசகருக்குக் கேட்பதே வேலை, அதற்கே கட்டணம். முடிதிருத்துநர் நாள் முழுக்கப் பிறர் துக்கத்தைக் கேட்டாலும் வெட்டிய முடிக்குத்தான் காசு. இது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தனிமை, எரிச்சல், வீட்டுச் சண்டை என்றால் முடிதிருத்துநரிடம் பேசினாலே பாதி பாரம் குறையும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் நேராக ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள்.