கார்ல்டன் டாவர்ன்: இடித்தவர்களையே திரும்பக் கட்டவைத்த பப்

லண்டனில் பழைய பப்புகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் ஊரிலிருந்து வருகிறவர்கள் "ஒரு நல்ல பப்பாகக் காட்டு" என்று கேட்டால், நான் அழைத்துப் போவது கில்பர்ன் பக்கம் இருக்கும் கார்ல்டன் டாவர்னுக்குத்தான். இன்று நாம் பார்க்கும் அதன் சுவர்கள் ஆறு வருடப் போராட்டத்துக்குப் பிறகு எழுந்தவை. அந்தப் போராட்டம் தெரிந்து போனால்தான் அந்த இடம் முழுசாகப் புரியும்.

லண்டன் சுரங்க ரயிலின் பேக்கர்லூ தடத்தில் கில்பர்ன் பார்க் ஸ்டேஷனில் இறங்குங்கள். கார்ல்டன் வேல் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே பப் தனியாக நிற்கிறது. உடனே உள்ளே போய்விடாதீர்கள். எதிர்ப்பக்கம் நின்று ஒரு முறை முகப்பைப் பாருங்கள். தரைத்தளச் சுவர் முழுக்க மெருகேற்றிய ஓடுகள், அதற்கு மேலே செங்கல், சாரிங்டன் என்ற பழைய பியர் நிறுவனத்தின் பெயர்.

முன்பு அங்கே இருந்த பப்பின் மீது முதல் உலகப் போரில் ஜெர்மன் குண்டு விழுந்தது. அதன் இடத்தில் சாரிங்டன் நிறுவனத்துக்காக ஃபிராங்க் பாட்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1920-21இல் கட்டியதுதான் கார்ல்டன் டாவர்ன். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

2015இல்தான் ஆபத்து வந்தது. வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள், அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மறுத்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 2 தகுதி கிடைக்க இன்னும் சில நாள்தான் பாக்கி. ஈஸ்டர் திங்களன்று சரக்குக் கணக்கு எடுக்க வேண்டும், கடையை மூடுங்கள் என்று பப் நடத்தியவரிடம் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8ஆம் தேதி, இயந்திரம் வந்து இடித்துப் போட்டது. உள்ளே இருந்த சாமான்களைக்கூட எடுக்கவில்லை.

பொதுவாக இத்தோடு கதை முடிந்துவிடும். அபராதம் கட்டிவிட்டு, காலி மனையில் வீடு கட்டி விற்றுவிடுவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. காரணம், அந்தப் பகுதி மக்கள் முன்கூட்டியே சுதாரித்திருந்தார்கள். ஏதோ நடக்கப் போகிறது என்று மனதில் பட்டதும் கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பிடம் கேட்டுவிட்டார்கள். அங்கிருந்து ஆட்கள் வந்து, ஓடுகளுக்குப் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, உள்ளும் புறமும் படம் பிடித்து ஆவணமாக்கி வைத்திருந்தார்கள். "இனி அதே மாதிரி கட்ட முடியாது" என்று யாரும் கைவிரிக்க இடமில்லாமல் போனதற்கு அந்த அச்சுகளும் படங்களும்தான் காரணம். இடித்த பிறகு நடந்த போராட்டத்தையும்விட அந்தப் பொறுமையான வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று கவுன்சில் உத்தரவிட்டது. மேல்முறையீடு, 2016இல் பொது விசாரணை, எல்லாம் நடந்தும் உத்தரவு நின்றது. இடிபாட்டில் தேறியதையும் சேர்த்துக் கட்டி, 2021 ஏப்ரலில், கொரோனா கட்டுப்பாடு தளர்ந்த நேரத்தில், கதவு மறுபடி திறந்தது. இதற்கு நடுவே சட்டமும் மாறியது. 2017இலிருந்து இங்கிலாந்தில் எந்த பப்பை இடிக்கவும் திட்ட அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

சரி, உள்ளே எப்படி? போன கோடையில் மாமா வந்திருந்தார். பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பியரைத் தொடக்கூட இல்லை. எழுந்து போய் ஓடுகளின் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். "மாப்ளே, அச்சு சுத்தமா எடுத்திருக்காங்க. ஆனா மூலையெல்லாம் இன்னும் கூரா இருக்கு பாரு" என்றார். என் அபிப்பிராயமும் அதுதான். நூறு வருடம் ஆட்கள் சாய்ந்து, உரசி, புகை பிடித்து ஏற்றிய பழுப்பை எந்த உத்தரவாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பழமையின் வாசத்துக்காக மட்டும் போகிறவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் பளிச்சென்று தோன்றும். அது உண்மையான குறை, சொல்லாமல் விடக் கூடாது.

ஆனால் பப் என்பது சுவர் மட்டுமா? நாங்கள் போன பிற்பகலில் ஒரு மேசையில் நாயோடு ஒரு வயதானவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இன்னொரு மேசையில் கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. அங்கே அடுக்குமாடி வந்திருந்தால் இவர்கள் சேர்ந்து உட்கார ஓர் இடம் இருந்திருக்காது. அதற்காகவே அந்தப் புதுப் பளபளப்பை நான் பொறுத்துக்கொள்வேன்.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம். லைம் சோடாவும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. சாவகாசமாகப் பார்க்க வேண்டுமென்றால் வாரநாள் பிற்பகல் போங்கள். திரும்பும்போது கில்பர்ன் பார்க் ஸ்டேஷனின் சிவப்பு ஓட்டு முகப்பையும் நின்று பாருங்கள். 1915இல் திறந்தது, அதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டடம்தான். பக்கத்திலேயே புனித அகஸ்டின் தேவாலயமும் இருக்கிறது. மூன்றையும் அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.